கதை எழுதப் பகடையும் கால்குலேட்டரும் உதவுமா?

கேள்வி இது: எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் மாட்டிக்கொண்டால் பகடை, சீட்டு, கைபேசிச் செயலி என்று எதையாவது வைத்து வெளியே வரலாம் என்கிறார்களே, யாராவது நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறீர்களா, இல்லை பேச்சுக்குத்தானா?

செய்து பார்த்திருக்கிறேன், பத்து வருடத்துக்கு மேலாக. கணக்குப் பார்த்தால் தேறியது உருப்படியான நாலைந்து சிறுகதை, பாதியில் செத்துப்போன ஒரு நாவல், ஒரு டப்பா நிறையக் கத்தரித்த காகிதம்.

முதலில் கால்குலேட்டர் கதையைச் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் வைத்திருப்பார்களே, அந்த கேசியோ சயின்டிஃபிக் கால்குலேட்டர். என்னுடையதில் ஷிஃப்டை அழுத்திவிட்டுப் புள்ளிப் பொத்தானை அழுத்தி, பிறகு சமக்குறியைத் தட்டினால் திரையில் 0.417 என்பதுபோல மூன்று இலக்கத் தசமம் ஒன்று வரும். மறுபடி தட்டினால் வேறொன்று. படிக்கிற காலத்தில் அந்தப் பொத்தான் எதற்கு என்றே எனக்குத் தெரியாது.

அப்போது எழுதிக்கொண்டிருந்தது, அப்பா இறந்தபின் வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரிக்கும் இரண்டு சகோதரர்களின் கதை. பன்னிரண்டு பக்கம் ஓடி நின்றுவிட்டது. இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதை நின்றால் மழையைக் கூப்பிடுவேன். யாராவது ஜன்னலைச் சாத்தப் போவார்கள், மண் வாசனை வரும், எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். பழைய கதைகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நனைந்து கிடக்கின்றன. அன்றைக்கும் கை மழைக்கே போனது. எரிச்சலில் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினேன். 417. அகராதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். ‘சாணை’ என்று இருந்தது. கத்தி தீட்டும் கல்.

கதையில் கத்தியும் இல்லை, கல்லும் இல்லை. அப்பா ஒரு கணக்கர். அரை மணி நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தம்பி சொன்னான்: “எனக்கு எதுவும் வேண்டாம். அந்தச் சாணைக்கல்லை மட்டும் கொடு.” அண்ணனுக்கு அப்படி ஒரு கல் வீட்டில் இருந்ததே நினைவில்லை. எடுத்து வந்து பார்த்தால் நடுவில் படகுபோலக் குழிந்திருக்கிறது. அவ்வளவு தேய்கிற அளவுக்கு அப்பா எதைத் தீட்டினார், எப்போது தீட்டினார் என்று இருவருக்குமே தெரியவில்லை. பேச்சு அங்கே நின்றது. கதை அங்கிருந்து நகர்ந்தது.

இதில் கால்குலேட்டர் செய்த வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சொல்லைக் கொடுத்துவிட்டு அது அணைந்துவிட்டது. கணக்கர் வீட்டில் சாணைக்கல் எதற்கு என்ற கேள்விக்குக் காரணம் தேடிய அந்த அரை மணி நேரம்தான் எழுத்து. தானாக யோசித்திருந்தால் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், பழைய நாட்குறிப்பு என்றுதான் போயிருப்பேன். எல்லாரும் போகிற இடம்.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. 1920இல் டாடா என்ற கலை இயக்கத்தைச் சேர்ந்த ட்ரிஸ்டான் ட்சாரா என்ற கவிஞர் கவிதைக்கு ஒரு செய்முறையே எழுதினார்: செய்தித்தாளில் ஒரு கட்டுரையை எடு, சொல் சொல்லாகக் கத்தரி, பையில் போட்டுக் குலுக்கு, ஒவ்வொன்றாக எடுத்து அதே வரிசையில் எழுது. 1959இல் பாரிஸில் பிரையன் கைசின் என்ற ஓவியர் அட்டை வெட்டும்போது அடியில் விரித்திருந்த செய்தித்தாள்களும் சேர்ந்து வெட்டுப்பட்டன. துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நண்பரான அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பரோஸிடம் காட்ட, அவர் அதை வருடக்கணக்காக நாவல்களில் பயன்படுத்தினார்.

நானும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். தமிழில் இது வேறு மாதிரி நடக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. ஆங்கிலத்தில் யார் யாரை அடித்தார் என்பதைச் சொல்லின் இடம்தான் சொல்கிறது. சொல்லைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் உறவே மாறிவிடும். நமக்கு வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். ‘கதவுக்கு’ என்ற துண்டு எங்கே விழுந்தாலும் தன் ‘கு’வை இழுத்துக்கொண்டுதான் விழும். அதனால் கலைத்துப் போட்ட தமிழ் வரி முக்கால்வாசி சரியாகவே ஓடுகிறது. கடைசியில் வினைமுற்று வந்து எல்லாவற்றையும் கவிழ்க்கிறது. பெண்பால் எழுவாய்க்கு ‘வந்தான்’ வந்து நிற்கும், அஃறிணைக்கு ‘சிரித்தார்கள்’ வந்து நிற்கும். முதலில் வேடிக்கையாக இருக்கும், பத்து வரியில் அலுத்துவிடும். நான் கண்ட வழி, கத்தரிக்கும்போதே வினைமுற்றுகளை எடுத்து ஒதுக்கிவிடுவது. மற்றதையெல்லாம் பை கொடுக்கட்டும், வினையை நான் போட்டுக்கொள்கிறேன். அப்படிச் செய்தும் இரண்டு மணி நேரத்துக்கு மூன்று வரி தேறினால் அதிகம்.

பிறகு பகடைக்கு வந்தேன். அங்கே ஒரு அழகான விஷயம் கிடைத்தது. உயிர்மெய் 216. மூன்று பகடையை உருட்டினால் வரக்கூடிய விளைவுகளும் ஆறு பெருக்கல் ஆறு பெருக்கல் ஆறு, 216. ஒன்றுகூட மிச்சமில்லை! சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று நிறத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பில் 1, 2 வந்தால் வல்லினம், 3, 4 மெல்லினம், 5, 6 இடையினம். அந்த இனத்தின் ஆறில் எது என்பதைச் சிவப்பு சொல்லும். கறுப்பு ஒற்றைப்படை என்றால் அ முதல் ஊ வரை, இரட்டைப்படை என்றால் எ முதல் ஔ வரை. அந்த ஆறில் எது என்பதை வெள்ளை சொல்லும். உதாரணத்துக்குச் சிவப்பு 5, வெள்ளை 2, கறுப்பு 4. மெல்லினத்தில் ஐந்தாவது ம், இரண்டாம் ஆறில் இரண்டாவது ஏ. ‘மே’. அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு பொருள் அடுத்த பத்திக்குள் வந்தாக வேண்டும். மேசை, மேடு, மேற்கூரை, எதுவானாலும் சரி.

இலக்கணம் படித்தவர்கள் உடனே கேட்பார்கள், சொல்லுக்கு முதலில் வராத எழுத்து விழுந்தால்? நிறையவே விழும். ட, ண, ழ, ள, ற, ன எதுவும் தமிழ்ச் சொல்லைத் தொடங்காது. அப்போது அது சொல்லின் இரண்டாவது எழுத்தாக வர வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஔகாரம் பன்னிரண்டில் ஒரு தடவை விழும். ‘மௌ’, ‘கௌ’ என்றால் பிழைத்தோம். ‘ழௌ’ போல எதற்கும் உதவாதது வந்தால் அன்றைக்கு விடுமுறை. இந்த விதியை மட்டும் நான் ஒருநாளும் மீறியதில்லை.

இரண்டு பகடையின் கூட்டுத்தொகைக்குத் தனி உபயோகம் உண்டு. ஏழு 36இல் ஆறு தடவை வரும். இரண்டும் பன்னிரண்டும் ஒவ்வொரு தடவைதான். காட்சிக்குள் என்ன நுழையலாம் என்று ஒரு பட்டியல் போடும்போது வினோதமானதை இரண்டிலும் பன்னிரண்டிலும் வைத்துவிட்டு, 6, 7, 8இல் சாதாரணமானதை வைப்பேன். என் பட்டியலில் ஏழு என்றால் ஒன்றும் நடக்காது. வரப்போகிறேன் என்றவர் வரமாட்டார், தொலைபேசி அடிக்காது. ஒன்றும் நடக்காத ஒரு காட்சியைத் துணிந்து எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தது பகடைதான். நானாக விட்டிருந்தால் எதையாவது நடத்திவைத்திருப்பேன்.

இனி செத்துப்போன நாவல். முக்கியமான இடத்திலெல்லாம் பூவா தலையா போட்டு எழுதுவது என்று முடிவு செய்தேன். அவள் வேலையை விடுவாளா? பூ. அவன் உண்மையைச் சொல்வானா? தலை. பதினோரு அத்தியாயம் போனது. ஒருநாள் ஒரே மூச்சில் எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு திருப்பமும் திருப்பமாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் எதையும் விரும்பவில்லை. அவள் வேலையை விட்டது ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, காசுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு ஒரு கோடு போட்டுக்கொண்டேன். பாத்திரத்தின் மேல் வந்து விழுவதற்குப் பகடை உருட்டலாம்: கடிதம், பொருள், ஆள், தாமதம். விழுந்ததை வைத்து அந்த ஆள் என்ன செய்வார் என்பதற்கு உருட்டக் கூடாது. சாணைக்கல் கதை பிழைத்ததும் நாவல் செத்ததும் இதனால்தான் என்பது என் எண்ணம். இதற்கு மாறாக எழுதியவர்களும் இருக்கிறார்கள். பிலிப் கே. டிக் 1962இல் வெளியான தன் நாவல் ஒன்றின் போக்கை ஐ சிங் என்ற சீனக் குறிநூலைக் கேட்டுக் கேட்டுத்தான் அமைத்தார், அது கொண்டாடப்படுகிறது. அவருக்கு நடந்தது. எனக்கு நடக்கவில்லை.

தற்செயலே பிடிக்காத கூட்டமும் ஒன்று உண்டு. 1960இல் பிரான்ஸில் தொடங்கிய ஊலிப்போ என்ற இலக்கியக் குழுவினருக்கு வேண்டியது விதி, குலுக்கல் அல்ல. ஒரு பத்தியின் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பதிலாக அகராதியில் அதற்குப் பின் வரும் ஏழாவது பெயர்ச்சொல்லைப் போடு என்பது அவர்களுடைய ஆட்டம். குழுவின் ரேமோன் கெனோ 1961இல் பத்து சானெட்டுகளை, அதாவது பதினான்கு அடிக் கவிதைகளை, எழுதி அடி அடியாகக் கீற்றாக்கிப் புத்தகமாக்கினார். பதினான்கு அடி, அடிக்குப் பத்து வாய்ப்பு; சேர்த்தால் கோடி கோடிக் கவிதை. யாராலும் படித்து முடிக்க முடியாது. எனக்கு இந்தக் குழுவின் மேல் மரியாதை உண்டு, பொறுமைதான் இல்லை.

கருவிகளுக்கு வருவோம். கைபேசியில் பகடைச் செயலி, சொல் குலுக்கும் செயலி எல்லாம் உண்டு, நானும் வைத்திருந்தேன். ஒருநாள் ரயிலில் ஒரே காட்சிக்கு நாற்பது தடவை தட்டினேன். பிடித்த சொல் வரும்வரை தட்டினால் அதற்குப் பெயர் தற்செயல் இல்லை, நாமே தேர்ந்தெடுக்கிறோம், கொஞ்சம் தாமதமாக. செயலியின் மேல் தப்பில்லை, விரலுக்கு வலிக்காததுதான் பிரச்சினை. இப்போது எந்த எண்ணுக்கு என்ன என்று முதலில் நோட்டில் பேனாவால் எழுதிவிடுவேன், அப்புறம் ஒரே ஒரு தடவை உருட்டுவேன்.

கைபேசியில் எழுதும்போது விசைப்பலகை மேலே மூன்று சொல் காட்டுமே, அதையே தொட்டுத் தொட்டுக் கவிதை செய்கிறார்கள். ஒரு தடவை செய்து பாருங்கள், சலிப்பாக இருக்கும். அடுத்து எது அதிகம் வருமோ அதைத்தான் அது காட்டுகிறது. பகடைக்கு நேர் எதிர். மழை வேண்டுமென்றால் அதைத் தொடலாம்.

குரல்வழித் தட்டச்சு வேறு ரகம். நடந்துகொண்டே கைபேசியிடம் கதை சொல்வது என் வழக்கம். ஒருமுறை “அவள் மௌனமானாள்” என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் “அவள் மௌனம் ஆனால்” என்று இருந்தது. லகர ளகரத்தை நான் சரியாக உச்சரிக்கவில்லை போலிருக்கிறது. திருத்தப் போன விரல் நின்றுவிட்டது. அவள் மௌனம், ஆனால்? ஆனால் என்ன? அடுத்த இரண்டு பக்கத்தை அந்த ‘ஆனால்’தான் எழுதியது. அதிலிருந்து குரல் பதிவுகளை உடனே திருத்துவதில்லை, ஒரு நாள் அப்படியே ஊறப் போடுகிறேன்.

எழுதுவதற்கு வசதியான சிறு கருவிகள்மேல் எனக்கு ஒரு மோகம் உண்டு. 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற சிறு கணினியில் திரைக்கு எட்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்து. நாலு சின்ன பேட்டரியில் ஓடும். பத்திரிகையாளர்கள் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பின்னால் வந்த ஆல்ஃபாஸ்மார்ட் நியோ என்ற தட்டச்சுக் கருவி மூன்று பேட்டரியில் நூற்றுக்கணக்கான மணி நேரம் தாங்கும், 2013இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இரண்டிலும் இணையம் இல்லை, சில வரிக்கு மேல் கண்ணில் படாது, ஆகவே முன்னால் எழுதியதைத் தடவிக்கொண்டு உட்கார முடியாது. தமிழும் வராது என்பதுதான் துக்கம். பதிலுக்கு நான் மடக்கு விசைப்பலகை ஒன்றைக் கைபேசியோடு இணைத்து, விமானப் பயன்முறையில் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கித் திரையில் ஆறேழு வரி மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்கிறேன். விமானப் பயன்முறையிலும் ப்ளூடூத்தை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், அது போதும். ஒரு குறிப்புச் செயலி ஒத்திசைவு என்ற பெயரில் பழைய பிரதியைப் புதியதன்மேல் ஏற்றி மூவாயிரம் சொல்லைத் தின்றதிலிருந்து, எழுதி முடித்ததும் எனக்கே ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுவேன்.

பகடைக்கு ஒரு சின்ன யோசனை. ரயிலில் உருட்டினால் இருக்கைக்கு அடியில் போய்விடும். மூடியுள்ள ஒரு சின்னக் கண்ணாடி டப்பாவுக்குள் மூன்றையும் போட்டுவிடுங்கள். குலுக்கிவிட்டுக் கீழே இருந்து பார்க்காமல் மேலே இருந்து பார்த்தால் போதும். பக்கத்தில் இருப்பவர் மாத்திரை என்று நினைத்துக்கொள்வார்.

நேற்று விழுந்தது சிவப்பு 5, வெள்ளை 3, கறுப்பு 6. ‘ழை’. முதலில் வராது, ஆக இரண்டாவது எழுத்து. முதலில் வாயில் வந்தது மழைதான். அடுத்து வாழை, ஏழை, தாழை, கோழை. கடைசியில் பேழையை எடுத்துக்கொண்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை.