பிரின்ட் வேறு, ரிட்டர்ன் வேறு

கே: பைதான் மொழியில் எழுதிய என் நிரல் 400 வரியைத் தாண்டிவிட்டது. ஃபங்ஷன்களாக, அதாவது ஒரு வேலைக்கு ஒன்றாகப் பெயரிட்ட சிறு துண்டுகளாகப் பிரிப்பதை எங்கே தொடங்குவது? (திருச்சி வாசகர்)

ப: எந்தப் பகுதியை நகலெடுத்து ஒட்டினீர்களோ, அங்கே. ஒரே கணக்கு மூன்றாம் முறை தலைகாட்டினால் அதை ஃபங்ஷனாக்குங்கள். பழைய கோப்புக்குப் பிரதி எடுத்துவிட்டுத் தொடுங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, உடனுக்குடன் ஓட்டிப் பாருங்கள்.

கே: ஒரு ஃபங்ஷன் எத்தனை வரி இருக்கலாம்?

ப: இருபது, முப்பது. பெயர் வைக்கும்போது 'மற்றும்' வந்து நுழைந்தால் இரண்டாக உடையுங்கள்.

கே: ஃபங்ஷன் வேலை செய்யவில்லை. அவசரம்!

ப: எந்த ஃபங்ஷன்? என்ன பிழை? பிழைச் செய்தியின் கடைசி வரியைக்கூட அனுப்பாதவருக்கு ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கே: 18 சதவீத ஜிஎஸ்டி சேர்க்கும் ஃபங்ஷன் எழுதினேன். 500 கொடுத்தால் திரையில் 590 என்று சரியாக வருகிறது. விடையோடு டெலிவரிக் கட்டணம் 40ஐக் கூட்டினால் பிழை. கணினியில் கோளாறா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

ப: கணினி நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் ஃபங்ஷனின் கடைசி வரியில் பிரின்ட் இருக்கிறது, ரிட்டர்ன் இல்லை. 590 திரைக்குப் போனதே தவிர, அழைத்த இடத்துக்கு வரவில்லை. ரிட்டர்ன் எழுதாவிட்டால் பைதான் 'நன்' (None) என்னும் வெறுமை மதிப்பைத்தான் திருப்பித் தரும். அதோடு 40ஐ எப்படிக் கூட்டும்?

இந்த மாணவியைக் குறை சொல்ல மாட்டேன். பயிற்சி நோட்டுகளைப் புரட்டினால் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் பிரின்ட். திரையில் விடை தெரிந்தால் மதிப்பெண் என்று பழக்கிவிட்டார்கள். அதே கணக்கு நாளை கோப்பில் எழுதவோ, மாத மொத்தத்தில் கூட்டவோ தேவைப்படும்போது முழு நிரலையும் கலைக்க வேண்டியிருக்கிறது. எத்தனை முறை எழுதினாலும் அலுக்காமல் மறுபடி எழுதுகிறேன்: கணக்குப் போடும் ஃபங்ஷன் கணக்கை மட்டும் போடட்டும். இன்புட் வாங்குவதும் பிரின்ட் செய்வதும் வெளியே இருக்கட்டும்.

கே: ஃபங்ஷனில் பொருள் பட்டியலுக்கு டிஃபால்ட்டாக (எதுவும் அனுப்பாவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) வெற்று லிஸ்ட் கொடுத்தேன். முதல் வாடிக்கையாளர் வாங்கியது அடுத்தவர் பில்லிலும் வருகிறது!

ப: டிஃபால்ட் மதிப்பு, ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. எல்லா அழைப்புகளும் அதே லிஸ்ட்டில்தான் சேர்க்கின்றன. டிஃபால்ட்டாக 'நன்' கொடுத்து, உள்ளே புது லிஸ்ட் உருவாக்குங்கள்.

கே: எல்லாவற்றையும் குளோபல் மாறியாக (நிரல் முழுவதற்கும் பொதுவாக) வைத்தால் சுலபம்தானே?

ப: எழுதும்போது சுலபம். வரி விகிதம் போல மாறாதவற்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றைப் பாராமீட்டராக, அதாவது ஃபங்ஷனை அழைக்கும்போதே அனுப்புங்கள்.

கே: ஃபங்ஷன்களைத் தனிக் கோப்பில் போட்டு 'ராண்டம்' என்று பெயரிட்டேன். அதன் பிறகு ராண்டம் (தற்செயல்) எண்ணே வருவதில்லை.

ப: பைதானோடு தயாராக வரும் ராண்டம் நூலகத்துக்குப் பதிலாக உங்கள் கோப்பைத்தான் இம்போர்ட் செய்துகொண்டிருக்கிறீர்கள். பெயரை மாற்றுங்கள். பிரதி எடுத்தீர்களா?