இடையூறு இல்லாத ஸ்டிரைக்

கேள்வி: தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் எதற்கெடுத்தாலும் ஸ்டிரைக் செய்து பொதுமக்களுக்கு இடையூறு செய்கிறார்கள். அந்த உரிமையை ஒரேயடியாக ரத்து செய்தால் என்ன?

பதில்: இல்லாத பல்லைப் பிடுங்கச் சொல்கிறீர்கள். 2003 ஜூலையில், அத்தியாவசியப் பணிகளில் ஸ்டிரைக்கைத் தடுக்கும் டெஸ்மா சட்டத்தை வைத்து ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை வீட்டுக்கு அனுப்பியது மாநில அரசு. ஆகஸ்ட் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு ஸ்டிரைக் செய்ய அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்றது. முதல் இரண்டையும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிச் சொல்லியிருப்பார்கள். தார்மிகம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று இந்தப் பகுதியில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஒரு வக்கீல் வாசகர் மட்டும் சளைக்காமல் திட்டி எழுதுகிறார். அவரும் நண்பர்களும் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் அது ‘புறக்கணிப்பு’. வக்கீல்களுக்கும் ஸ்டிரைக் உரிமை கிடையாது என்று 2002 டிசம்பரிலேயே அதே நீதிமன்றம் சொல்லியாயிற்று, ஐயா!

தனியார் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி 14 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். பாதிப்பேர் ஒரே நாளில் பேசிவைத்து கேஷுவல் லீவ் எடுத்தாலும் ஸ்டிரைக்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே ஃபேக்டரி என்றால் முகூர்த்தத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்வது உத்தமம்.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா தலைமையில் வேலையை நிறுத்தினார்கள். ஊர் அவர்கள் பக்கம் நின்றது. வ.உ.சி.யை எதிர்த்த ஒரு வக்கீலுக்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்ததாகச் சொல்வார்கள். பத்து நாள் தாண்டுவதற்குள் நிர்வாகம் இறங்கிவந்தது. அன்றைக்கு ஊரில் ஜனங்கள் இருந்தார்கள். இன்றைக்கு நாமெல்லாம் கஸ்டமர்கள். வாத்தியார் எதற்காகத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பதில்லை. 2003 ஏப்ரல் முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று ஆனதிலிருந்து தொடரும் சண்டை அது. உங்கள் ‘எதற்கெடுத்தாலும்’ இதில்தான் பாதிக்கு மேல் அடக்கம்.

இடையூறு என்றீர்கள். இடையூறே இல்லாத ஸ்டிரைக் ஒன்று எனக்குத் தெரியும். 2018 மார்ச் முதல் தேதியிலிருந்து, டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை எதிர்த்து, தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் புதுப்படமே வெளியிடவில்லை. ஒன்றரை மாதம்! முதலாளிகள் செய்த வேலைநிறுத்தம் என்பதால் டெஸ்மா வரவில்லை, ‘மக்கள் தவிப்பு’ என்று தலைப்பும் வரவில்லை. பஞ்ச் வசனம் கேட்காமல் தமிழ்நாடு நிம்மதியாகத் தூங்கியது. நாயகன் அறைந்து நூறு பேர் பறக்காததால் சுமோக்களின் ஆயுள் கூடியிருக்கும். எங்கள் சினிமா விமர்சகருக்கு ரத்த அழுத்தம் இறங்கியது. உரிமையை ரத்து செய்யச் சொல்லி அப்போது எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. வந்த கடிதங்களெல்லாம், இன்னும் ஒரு மாதம் நீட்டிக்கச் சொல்லி நான் சிபாரிசு செய்யக் கூடாதா என்றுதான் கேட்டன.