கரும்புச் சோகையால் (கரும்பு இலையால்) கடலில் பரவும் எண்ணெயைத் தடுக்க முடியுமா?

முடியும், அலை அடங்கிய இடத்தில் மட்டும். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் மொரிசியஸின் தென்கிழக்கில் பவளப்பாறையில் ஏறியது. ஆகஸ்டில் சுமார் 1,000 டன் எண்ணெய் கசிந்தது. மாஹேபூர்க் கரையில் மக்கள் துணியையும் வலையையும் குழாய்போலத் தைத்து, காய்ந்த சோகையைத் திணித்து, மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் போத்தல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். போத்தல் மிதக்க வைக்கும். சோகை எண்ணெயைப் பிடிக்கும்.

ஈரச் சோகை உதவாது. காய்ந்த சோகையும் ஊற ஊறக் கனத்து அமிழும், அடியில் எண்ணெய் நழுவிவிடும். அதனால் அடிக்கடி மாற்ற வேண்டும். ஊறியதை வெறும் மணலில் குவித்தால் எண்ணெய் மறுபடி கீழே இறங்கும். கையுறையும் முகமூடியும் கட்டாயம். அலையாத்தி மர வேரில் ஒட்டியதற்கு இந்த வித்தை பலிக்காது.