கிளட்ச் புடிச்சும் வண்டி பாயுதுன்னா

தாத்தாவோட பழைய பைக்ல ஓட்டிப் பழகுறீங்க, முழுசா கிளட்ச் புடிச்சு ஃபர்ஸ்ட் கியர் போட்டதும் வண்டி எகிறி ஆஃப் ஆகுதுன்னா, அது உங்க கை பழகாததால இல்ல. வருஷக்கணக்கா நின்னதுல கிளட்ச் பிளேட்டுங்க (இன்ஜின் சக்திய கியருக்கு கடத்துற தட்டுங்க) ஒன்னோட ஒன்னு ஒட்டியிருக்கும், பெரும்பாலும் அதான்.

முதல்ல லிவர்ல கேபிள் ப்ளே, அதாவது கேபிள் இறுகுறதுக்கு முன்னாடி லிவர் சும்மா ஆடுற அளவு, பாருங்க, 2-3 மி.மீ. போதும், அதுக்கு மேல லூசா இருந்தா பிளேட் சரியா பிரியாது, டைட் பண்ணாலே வேலை முடிஞ்சிரும்.

அது சரியா இருந்தா இன்ஜின ஆஃப் பண்ணிட்டு செகண்ட் கியர்ல கிளட்ச் புடிச்சபடி முன்னும் பின்னும் தள்ளி ஆட்டுங்க, சில வண்டில பிளேட் டக்குனு விட்டுரும். பின் டயர் உருளாம தரையில இழுபட்டா பிளேட் இன்னும் ஒட்டியிருக்குன்னு அர்த்தம், கிளட்ச் கவர கழட்டித்தான் ஆகணும்.

விட்டுருச்சுன்னாலும் பழைய ஆயில மாத்திருங்க, மோட்டார்சைக்கிள் ஆயில்தான், சில கார் ஆயில்ல கிளட்ச் வழுக்கும். கிளட்ச் சரியாகுற வரைக்கும் ஓட்டிப் பழக வேற வண்டி எடுங்க.