அரபுப் பெண்களும் கையெழுத்துத் தாள்களும்: வாசகர் கேள்வி-பதில்

கே: மஹர் (மணப்பெண்ணுக்குத் தரும் மணக்கொடை) மாப்பிள்ளை கொடுப்பதுதானே? எகிப்தில் பெண் வீட்டார் சாமான் பட்டியல் எழுதி மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்குகிறார்களாமே, எதற்கு?

ப: ஒப்பந்தத்தில் எழுதும் மஹரை மட்டும் நம்பி எகிப்தில் பலர் பெண் கொடுப்பதில்லை. திருமணத்தைப் பதிவு செய்யும் மஃதூன் எழுதுகிற தாளில் உடனடி மஹர் பல சமயம் ஒரு பவுண்டு, அல்லது 25 பியாஸ்தர், அதாவது கால் பவுண்டு. அது பெயரளவுக்குத்தான். பிற்பாடு தர வேண்டிய மஹர் தலாக் ஆனாலோ கணவர் இறந்தாலோதான் கைக்கு வரும். இருபது வருஷம் கழித்து வந்தால் விலைவாசி அதைத் தின்று தீர்த்திருக்கும்.

அதனால் பெண் வீட்டார் பிடித்துக்கொள்வது ‘காயிமா’ என்ற பட்டியலைத்தான். கட்டில், மெத்தை, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்பளம் என்று தொடங்கித் தலையணை உறை வரை இறங்கும். பொருளை யார் வாங்கியிருந்தாலும் அது மனைவியின் உடைமை என்று எழுதி, ‘அமானிதமாக (நம்பி ஒப்படைத்த பொருளாக) பெற்றுக்கொண்டேன்’ என்று மாப்பிள்ளை கையெழுத்திடுவார். சாட்சி இருவர். அந்த அமானிதம் என்ற சொல்லில்தான் பட்டியலின் முழு பலமும் இருக்கிறது. திருப்பித் தர மறுத்தால் அது வெறும் பாக்கியாக நிற்காமல், தண்டனைச் சட்டம் 341-ஆம் பிரிவின் கீழ் நம்பிக்கை மோசடி ஆகிவிடும். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

வழக்கு எங்கே சறுக்கும்? முதலில், மூலப் பிரதியில். அது பெண்ணின் தகப்பனார் கையில் இருக்க வேண்டும். நகல் மட்டும் இருந்து, ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று கணவர் சொல்லிவிட்டால் வழக்கு தள்ளாடும். அடுத்தது தங்கம். விலையை மட்டும் எழுதாமல் எத்தனை கிராம், 18 காரட்டா 21 காரட்டா என்று எழுத வேண்டும். அப்படி எழுதியும், ‘நகை அவள் உடம்பில்தானே இருக்கிறது’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுவது சகஜம். மூன்றாவது, சாமானைத் திருப்பிக் கேட்டதற்கு ஆதாரம். முறைப்படி நோட்டீஸ் அனுப்பாமல், ‘தர மறுத்தார்’ என்று மட்டும் சொன்னால் எடுபடாது. கணவர் முந்திக்கொண்டு, ‘சாமானை எடுத்துப் போகலாம்’ என்று நோட்டீஸ் விட்டால் மோசடி நோக்கம் இல்லை என்று வாதாட அவருக்கு வழி கிடைத்துவிடும்.

கே: மனைவியே குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) கேட்டால் எல்லாவற்றையும் இழக்க வேண்டுமா?

ப: எகிப்தின் 2000-ஆம் ஆண்டு முதலாம் எண் சட்டப்படி, வாங்கிய உடனடி மஹரைத் திருப்ப வேண்டும், பின்மஹரையும் இத்தாகால (மணவிலக்குக்குப் பின் மனைவி காத்திருக்கும் காலத்தின்) ஜீவனாம்சத்தையும் விட்டுவிட வேண்டும். பிள்ளைகளின் பராமரிப்புப் பணத்திலும், பிள்ளை யாரிடம் வளர்வது என்பதிலும் பேரம் கிடையாது. காயிமாவும் அவளுடைய சொத்து என்பதால் தப்பிவிடும். தாளில் மஹர் ஒரு பவுண்டு என்றால் திருப்புவதும் ஒரு பவுண்டுதான்! சமரச முயற்சி மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைகள் இருந்தால் 30 முதல் 60 நாள் இடைவெளியில் இரண்டு முறை சமரசம் பேச வேண்டும். தீர்ப்பு வந்தபின் அப்பீல் இல்லை.

கே: பலதார மணம் எல்லா அரபு நாட்டிலும் செல்லுமா?

ப: செல்லாது. துனீசியா 1956 ஆகஸ்ட் 13 அன்று வெளியிட்ட குடும்பச் சட்டத்திலேயே தடை செய்தது. மொராக்கோவில் 2004 முதல் நீதிமன்ற அனுமதி வேண்டும். அரபு லீக்கில் 22 நாடுகள். ‘அரபு நாட்டுச் சட்டம்’ என்று ஒன்று கிடையாது.

கே: பெரியப்பா, சித்தப்பா மகளையே கட்டுவதை மேலாக நினைக்கிறார்களே, ஏன்?

ப: தந்தைவழிக் குலம்தான் அங்கே அரசியல், பாதுகாப்பு எல்லாம். அண்ணன் தம்பி பிள்ளைகள் கட்டிக்கொண்டால் சண்டையில் ஒரே பக்கம் நிற்பார்கள், மகளுக்குப் போகும் பங்கும் குலத்தைத் தாண்டாது, மஹரும் குறையும் என்று பல விளக்கங்கள். ‘சித்தப்பா மகன் மணப்பெண்ணைக் குதிரையிலிருந்தே இறக்கலாம்’ என்ற பாலஸ்தீனச் சொலவடை அவனுக்கு இருந்த முன்னுரிமையைச் சொல்கிறது.

ஆனால் இந்தப் பேச்சை அப்படியே எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிய குடும்பத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நாலு வழியில் உறவாக இருப்பார்கள். தாய்வழியில் நெருக்கம் அதிகம் என்றாலும் கேட்பவரிடம் ஆண்வழி உறவைத்தான் சொல்வார்கள். பெண்கள் பேசி முடித்த சம்பந்தம் ஆண்களின் வம்சாவளியில் காணாமல் போவது இப்படித்தான். கள ஆய்வுக்குப் போகிறவர்கள் தாயிடமும் பாட்டியிடமும் தனியாகக் கேட்டு இன்னொரு வம்சப்படம் வரைய வேண்டும். ஜோர்டானில் உறவுக்குள் மணம் 1990-இல் பாதிக்கும் மேல். 2017-18 கணக்கெடுப்பில் 28 சதவீதம்.

கே: சொத்தில் பங்கு இருந்தும் சகோதரிகள் ஏன் விட்டுக்கொடுக்கிறார்கள்?

ப: கணக்கு தெளிவானதுதான். ஒருவர் 32 ஃபத்தான் (ஒரு ஃபத்தான் ஏறத்தாழ ஒரு ஏக்கர்) நிலம் விட்டுப் போகிறார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 4 ஃபத்தான். மீதி 28-இல் மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. ஆனால் நாளை விதவையானாலோ தலாக் ஆனாலோ திரும்பி வரும் வாசல் அண்ணன் வீடு. 7 ஃபத்தானை வாங்கிக்கொண்டால் அந்த வாசல் மூடும் என்ற பயம். இது அறியாமை இல்லை, ஒருவகைக் காப்பீடு. ‘மனமுவந்து கொடுத்தேன்’ என்ற தாள் பெரும்பாலும் துக்க வீட்டிலேயே தயாராகிவிடும். ஜோர்டான் இதைக் கண்டுதான், இறப்புக்குப் பின் மூன்று மாதம் முடியாமல் அப்படிப்பட்ட விட்டுக்கொடுப்பைப் பதியக் கூடாது என்று விதி செய்தது. எகிப்தின் 2017-ஆம் ஆண்டு 219-ஆம் எண் சட்டம், பங்கை வேண்டுமென்றே மறுத்தால் குறைந்தது ஆறு மாதச் சிறை, 20,000 முதல் 1,00,000 பவுண்டு வரை அபராதம், அல்லது இரண்டில் ஒன்று என்கிறது. ஆனால் புகார் கொடுக்க வேண்டியவள் தங்கை, உள்ளே போகிறவன் அண்ணன். எத்தனை பேர் கொடுப்பார்கள்?

கே: ஜோர்டானில் பெண்கள் நன்றாகப் படிக்கிறார்கள், வேலையில் மட்டும் காணோம். சவூதியில் எப்படி மாறியது?

ப: ஜோர்டானில் வேலைச் சந்தையில் இருக்கும் பெண்கள் 15 சதவீத அளவில்தான். பஸ் சரியில்லை, குழந்தையை விட இடமில்லை, தனியார் சம்பளம் இவ்விரண்டுக்குமே போய்விடும். பழைய சட்டம் பெண் ஊழியர்களை எண்ணித்தான் குழந்தைக் காப்பகம் கேட்டது. அதைத் தவிர்க்க முதலாளி பெண்களை எடுப்பதைக் குறைத்தால் போதும்! 2019-இல் அதை மாற்றி, ஊழியர் ஆணோ பெண்ணோ, ஐந்து வயதுக்குட்பட்ட 15 பிள்ளைகள் இருந்தால் காப்பகம் கட்டாயம் என்றார்கள்.

சவூதியில் 2018 ஜூன் 24 முதல் கார் ஓட்டலாம். 2019 முதல் 21 வயதான பெண் தானே பாஸ்போர்ட் எடுக்கலாம். வேலைக்குப் போக வாடகைக் காருக்கு ‘வுசூல்’ திட்டமும், காப்பகத்துக்கு ‘குர்ரா’ திட்டமும் செலவில் ஒரு பகுதியைத் தருகின்றன. 2017-இல் 20 சதவீதத்தைத் தொடாத பெண்கள் பங்கு சில ஆண்டுகளில் 30-ஐத் தாண்டியது. திருமணத்துக்கு மட்டும் வலீ (பெண்ணின் ஆண் காப்பாளர்) வேண்டும் என்பது 2022-இல் வந்த குடும்பச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.