நிக்கான் இசட்எஃப் வெறும் ஷோகேஸ் பொருளா? பழைய மேனுவல் லென்ஸ் வைத்திருப்பவர் வாங்கலாமா?

கேட்டிருப்பது இது: பழைய ஃபிலிம் கேமரா தோற்றத்தில் வந்த நிக்கானின் டிஜிட்டல் கேமரா இசட்எஃப் பற்றிப் பேசுகிறவர்களில் ஒரு சாரார் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், இன்னொரு சாரார் "அலங்காரப் பொம்மை" என்கிறார்கள். உங்களிடம் 28, 50, 105 மிமீ என மூன்று பழைய ஏஐ-எஸ் நிக்கோர் (நிக்கானின் கையால் ஃபோக்கஸ் செய்யும் ரகம்) லென்ஸ்கள் இருக்கின்றன. யாரை நம்புவது?

இரு சாராரும் பொய் சொல்லவில்லை. கேமராவின் இடது தோளில் ஐஎஸ்ஓ டயலுக்கு அடியில் ஒரு சின்ன லீவர் இருக்கிறது. ஆட்டோ, பி, எஸ், ஏ, எம் என்று அதில் எழுதியிருக்கும். ஒருவர் அந்த லீவரை எங்கே நிறுத்துகிறார், முன்னால் என்ன லென்ஸ் மாட்டுகிறார் என்ற இரண்டையும் கேட்டுவிட்டால் அவர் எந்தக் கட்சி என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

முதலில் உள்ளே இருக்கும் சரக்கு. 2023 செப்டம்பரில் சுமார் 2,000 டாலருக்கு வந்தது. 24.5 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு) சென்சார் புதிதல்ல, இசட்6 வரிசையில் பார்த்த அதே ரகம். பிராசஸர்தான் விஷயம். இசட்8, இசட்9 கேமராக்களில் இருக்கும் எக்ஸ்பீட் 7 இதிலும் இருக்கிறது. அதனால் அன்றைக்குக் கடையில் இருந்த இசட்6 இரண்டாம் தலைமுறையைவிட, பழைய வேஷம் போட்ட இந்தக் கேமரா கண்ணையும் முகத்தையும் பிடிப்பதில் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. வழக்கமாக ரெட்ரோ கேமரா என்றால் மிச்சம் மீதி உதிரிகளை அழகான பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள் என்ற எண்ணம் இருக்கும். இங்கே தலைகீழாக நடந்ததுதான் முதல் வாரப் பாராட்டுக்கெல்லாம் காரணம். உடலுக்குள்ளேயே ஐந்து அச்சு நடுக்கத் தடுப்பும் இருக்கிறது. சிபா (ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர் சங்கம்) அளவில் 8 ஸ்டாப் என்கிறது நிக்கான்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி. நடைமுறையில் 40 மிமீ லென்ஸில் கால் செகண்டைக் கையில் பிடித்து எடுப்பது நிதானமான கைக்கு முடியக்கூடிய காரியம். எதிரே நிற்பவர் அசையாமல் இருந்தால்.

இனி டயல்கள். ஷட்டர், ஐஎஸ்ஓ, எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) மூன்றும் பித்தளை. திருப்பினால் கிளிக் நன்றாக விழும், இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. சண்டை அந்த லீவரில் தொடங்குகிறது. லீவரை ஏ-யில் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும். அப்போது ஷட்டர் டயல் 1000-த்தில் நின்றாலும் 4-ல் நின்றாலும் ஒன்றுதான், அது வெறும் நகை. பெரும்பாலோர் பத்து இருபது வருடமாக ஏ மோடிலேயே எடுத்துப் பழகியவர்கள். அவர்கள் இந்தக் கேமராவை வாங்கி அதே மோடில் வைத்துவிட்டு "டயல் எதற்கு?" என்று கேட்பது நியாயம்தான்.

ஃபூஜி எக்ஸ்-டி5 இந்த இடத்தில் தெளிவு. அதில் மோடு லீவரே கிடையாது. ஷட்டர் டயலில் ஏ (ஆட்டோ) என்று ஒரு இடம், லென்ஸின் அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) ரிங்கில் ஏ என்று ஒரு இடம். இரண்டையும் ஏ-யில் வைத்தால் முழு ஆட்டோ, ஒன்றை மட்டும் எடுத்தால் பாதி ஆட்டோ. டயல் என்ன சொல்கிறதோ அதுதான் நடக்கும். நிக்கான் பழைய டயலையும் வைத்து, புது மோடு முறையையும் வைத்து, இரண்டுக்கும் இடையே ஒரு லீவரைச் செருகிவிட்டது. என் கணக்கில் இந்தக் கேமராவின் ஒரே வடிவமைப்புத் தவறு இதுதான். மற்றவை எல்லாம் சமரசங்கள்.

இதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. லீவரை எம்-ல் வையுங்கள், அதில் ஷட்டர், அபெர்ச்சர் இரண்டும் உங்கள் கையில். ஐஎஸ்ஓ டயலை சி-க்குத் திருப்பி, மெனுவில் ஆட்டோ ஐஎஸ்ஓவை ஆன் செய்து, உச்ச வரம்பாக 6400 அல்லது 12800 கொடுங்கள். ஷட்டர் டயலை 250-ல் நிறுத்துங்கள். அபெர்ச்சரை லென்ஸில் திருப்புங்கள். இப்போது வெளிச்சம் மாறினால் ஐஎஸ்ஓ மட்டும் மாறும். படம் இருட்டாகத் தெரிந்தால் வலதுகைப் பக்கம் இருக்கும் காம்பென்சேஷன் டயலைத் திருப்பினால் போதும், மூன்று ஸ்டாப் வரை இரு பக்கமும் போகும். ஷட்டர் டயல், அபெர்ச்சர் ரிங், காம்பென்சேஷன் டயல் மூன்றுக்கும் வேலை கிடைத்துவிடும். இடைப்பட்ட வேகம் வேண்டுமானால் ஷட்டர் டயலை 1/3 ஸ்டெப் என்ற இடத்தில் வைத்துவிட்டு கமாண்ட் டயலைப் பயன்படுத்தலாம். நல்ல வெயிலில் இந்த முறையில் ஒரு வழுக்கல் உண்டு. 1/250-ல் எஃப்/2 வைத்தால் ஐஎஸ்ஓ 100-க்குக் கீழே போக இடமில்லாமல் படம் வெளுத்துவிடும். வெளியே வந்ததும் ஷட்டரை 2000, 4000 என்று ஏற்றுவதைக் கை பழக வேண்டும்.

"அபெர்ச்சரை லென்ஸில் திருப்புங்கள்" என்றேன். நிக்கானின் சொந்த இசட் லென்ஸ்களில் எண் போட்ட அபெர்ச்சர் ரிங் கிடையாது என்பது அடுத்த பெரிய புகார். இதோடு ஜோடியாக விற்கும் 40 மிமீ எஃப்/2 எஸ்இ லென்ஸ் பார்வைக்குப் பழசு, எடை 170 கிராம்தான், ஆனால் பிளாஸ்டிக் உடல், ஒரே ரிங், அதிலும் எண் இல்லை. அந்த ரிங்கை அபெர்ச்சருக்கு மாற்றிக்கொள்ளலாம், கிளிக் வராது, தவறுதலாகக் கை பட்டால் எஃப்/2.8 எஃப்/4 ஆகியிருப்பது தெரியாமல் போகும். டயல்களுக்குப் பித்தளை, லென்ஸுக்குப் பிளாஸ்டிக் என்று கேலி செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. (லென்ஸின் தரத்தில் குறை இல்லை. விலைக்கு அருமையான லென்ஸ்.) ஃபோக்ட்லாண்டர் என்ற லென்ஸ் நிறுவனம் இந்தக் கேமராவின் இசட் மவுண்டுக்கென்றே (லென்ஸ் மாட்டும் வளையம்) செய்யும் நோக்டான் 40 மிமீ எஃப்/1.2 போன்றவற்றில் உண்மையான அபெர்ச்சர் ரிங்கும், கேமராவோடு பேசும் மின் தொடர்புகளும் இருக்கின்றன. ஆட்டோஃபோக்கஸ் மட்டும் இல்லை.

அப்படிப் பார்த்தால் உங்களிடம் இருக்கும் மூன்று ஏஐ-எஸ் லென்ஸ்கள்தான் இந்தக் கேமராவுக்குப் பொருத்தமான ஜோடி. அவை மாட்டும் பழைய எஃப் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரையான தூரம் 46.5 மிமீ, இசட் மவுண்டில் 16 மிமீ. மிச்சமுள்ள 30.5 மிமீயை எஃப்டிஇசட் அடாப்டர் நிரப்புகிறது. அதனால் லென்ஸ் அந்த அளவுக்கு முன்னால் தள்ளி நிற்கும். ஒல்லியான கேமரா கையில் இருக்கிறது என்ற சுகம் அங்கே கொஞ்சம் போய்விடும்.

மாட்டிய உடனே செய்ய வேண்டியது, செட்டப் மெனுவில் நான்-சிபியு லென்ஸ் டேட்டா (உள்ளே சிப் இல்லாத லென்ஸின் விவரம்) என்ற இடத்தில் மூன்று லென்ஸுக்கும் ஃபோக்கல் நீளத்தையும் அதிகபட்ச அபெர்ச்சரையும் பதிவது. பலர் இதைத் தாண்டிப் போய்விட்டு "நடுக்கத் தடுப்பு வேலை செய்யவில்லை" என்கிறார்கள். லென்ஸ் எத்தனை மிமீ என்று தெரியாமல் சென்சாரை எவ்வளவு நகர்த்துவது என்று கேமராவால் கணக்குப் போட முடியாது. 105 மாட்டியிருக்கும்போது பதிவு 28-ல் இருந்தால் தேவையைவிடக் குறைவாக நகரும், நடுக்கம் மிஞ்சும். 28 மாட்டியிருக்கும்போது பதிவு 105-ல் இருந்தால் தேவைக்கு மேல் நகரும், கேமராவே மங்கலை உண்டாக்கும். இரண்டாவதுதான் மோசம், காரணம் கண்டுபிடிக்கவே நாளாகும். லென்ஸ் மாற்றும்போதெல்லாம் எண்ணையும் மாற்ற வேண்டும் என்பதால் விருப்பப்படி வேலை ஒதுக்கக்கூடிய ஒரு எஃப்என் பட்டனில் இந்தத் தேர்வைப் போட்டு வையுங்கள்.

அபெர்ச்சர் ரிங்கைக் கேமரா படிக்காது. எனவே மேலே எண் காட்டும் அந்தக் குட்டி ஜன்னலில் நீங்கள் ரிங்கில் வைத்த எண் வராது, படத்தின் தகவலிலும் சரியான எண் பதிவாகாது. மீட்டர் பிரச்சினையில்லை. அபெர்ச்சர் மூடிய நிலையிலேயே வெளிச்சத்தை அளந்துகொள்ளும், ஏ, எம் இரண்டிலும்.

ஃபோக்கஸ் செய்வதில்தான் இசட்எஃப் தன் வேலையைக் காட்டுகிறது. மேனுவல் லென்ஸ் மாட்டியிருந்தாலும் முகத்தையும் கண்ணையும் அது அடையாளம் கண்டு பெட்டி போடும். பெரிதாக்கும் பட்டனை அழுத்தினால் நேராக அந்தக் கண்ணுக்கே போய் நிற்கும். நடுவில் ஃபோக்கஸ் செய்துவிட்டு ஃபிரேமை நகர்த்தும் பழைய பழக்கம் இனி வேண்டாம். எஃப்/1.8-ல் அப்படி நகர்த்தியதாலேயே கெட்டுப்போன முகங்கள் ஏராளம். ஷார்ப்பான விளிம்புகளை நிறத்தில் மின்னவைக்கும் ஃபோக்கஸ் பீக்கிங்கையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் உணர்திறனைக் குறைந்த அளவில் வையுங்கள். கூட்டினால் மூக்கு, காது எல்லாமே சிவப்பாக மின்னி எல்லாம் ஷார்ப் என்று ஏமாற்றும். எந்த அபெர்ச்சரில் எடுக்கப்போகிறீர்களோ அதிலேயே ஃபோக்கஸ் செய்வது நல்லது. பழைய வேக லென்ஸ்கள் சிலவற்றில் மூடும்போது ஃபோக்கஸ் புள்ளி சற்று நகரும். எஃப்/8-க்கு மேல் மூடினால் எல்லாமே ஷார்ப்பாகத் தெரிந்து குழப்பும், அங்கே மட்டும் திறந்து ஃபோக்கஸ் செய்துவிட்டு மூடலாம்.

ஸ்க்ரூ டிரைவ் ஏஎஃப்-டி லென்ஸ் (கேமரா பக்கத்து மோட்டாரால் ஃபோக்கஸ் ஆகும் பழைய ஆட்டோஃபோக்கஸ் ரகம்) ஏதாவது பிறகு வாங்க நினைத்தால், எஃப்டிஇசட்-ல் மோட்டார் இல்லை, அதுவும் மேனுவல் லென்ஸாகத்தான் வேலை செய்யும்.

பிடிப்பு பற்றிய புகார் முழுக்க உண்மை. பேட்டரி, கார்டோடு 710 கிராம், முன்னால் விரல் கோர்க்கப் பெயருக்கு ஒரு மேடு. 1982-ல் வந்த எஃப்எம்2-வைத்தான் இதன் உருவம் நினைவூட்டுகிறது, அதன் எடை 540 கிராம். அதைக் கையில் பிடித்துப் பழகியவர்கள் இதைத் தூக்கியதும் முகம் சுளிப்பதில் ஆச்சரியமில்லை. 40 மிமீ போட்டால் மொத்தம் 880 கிராம், நாள் முழுக்கத் தாங்கும். 630 கிராம் 24-120 எஃப்/4 போட்டால் முன்பாரம் கீழே இழுக்கும், வலது கையின் நடுவிரல் மாலைக்குள் வலிக்கும். அடியில் திருகும் கிரிப் வாங்கினால் பாதி சரியாகும். வாங்கும்போது பேட்டரிக் கதவைத் திறக்க அதில் வெட்டு விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், ஏனென்றால் கார்டுகளும் அந்தக் கதவுக்குள்ளேதான்.

கார்டு விஷயத்தில் நிக்கானை யாரும் மன்னிக்கவில்லை. இரண்டு கார்டு இடங்களில் ஒன்று யூஎச்எஸ்-2 எஸ்டி, இன்னொன்று யூஎச்எஸ்-1 மைக்ரோ எஸ்டி. முதலாவதின் பாதை செகண்டுக்கு 312 எம்பி வரை, இரண்டாவது 104-ஐத் தாண்டாது. ஒரு ரா ஃபைல் (சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஏறத்தாழ 25-30 எம்பி. இரண்டிலும் ரா பேக்கப் என்று வைத்தால் மெதுவான கார்டு முடிக்கும்வரை வேகமான கார்டும் காத்திருக்கும், தொடர்ச்சியாக எடுக்கும்போது செகண்டுக்கு மூன்று படம் என்ற நடைக்கு வந்துவிடும். எஸ்டியில் ரா, மைக்ரோவில் ஜேபெக் என்று பிரித்துவிடுங்கள். மைக்ரோ கார்டை அடிக்கடி கழற்ற வேண்டாம், நகம் பட்டால் எகிறிப் போய் விழும் அளவு அது.

ஃபோக்கஸ் புள்ளியை நகர்த்த ஜாய்ஸ்டிக் இல்லை. டச் ஃபங்ஷன் மெனுவில் போய், வியூஃபைண்டரில் கண் இருக்கும்போதே திரையைக் கட்டைவிரலால் தடவிப் புள்ளியை நகர்த்தும்படி செய்யலாம். இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு மூக்கே புள்ளியை நகர்த்திவிடும், அவர்கள் திரையின் வலது பாதியை மட்டும் இயங்கவைக்க வேண்டும்.

ஷட்டர் டயலுக்கு அடியில் இருக்கும் கருப்பு-வெள்ளை லீவர் எல்லோருக்கும் பிடித்துப்போன ஒன்று. தட்டினால் வியூஃபைண்டரே கருப்பு-வெள்ளை ஆகிவிடும். ராவில் எடுத்தால் நிறத் தகவல் உள்ளே அப்படியே இருக்கும், சில மென்பொருளில் திறக்கும்போது படம் கலராக வந்து நிற்கும். பழுது என்று பயப்பட வேண்டாம், மென்பொருளில் மோனோக்ரோம் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் சரி. சென்சாரைத் துளித்துளியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கும் 96 மெகாபிக்சல் பிக்சல் ஷிஃப்ட் வசதி ட்ரைபாடில் அசையாப் பொருளுக்கு மட்டும், படங்களைச் சேர்ப்பதும் கம்ப்யூட்டரில் நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோ மென்பொருளில்தான்.

சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரைக் கல்யாண மண்டபத்தில் நம்பாதீர்கள். சென்சார் வரிவரியாக மெதுவாகத்தான் படிக்கும், எல்இடி விளக்கடியில் பட்டை பட்டையாக விழும். வேறு வழியில்லை என்றால் 1/50 அல்லது 1/100, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால். அதற்கும் அடங்காத மேடை விளக்குகள் உண்டு, அங்கே மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

கல்யாணம், விளையாட்டு, பெரிய ஜூம் என்றால் 2024-ல் வந்த இசட்6 மூன்றாம் தலைமுறை பக்கம் போங்கள், கிரிப்பும் ஜாய்ஸ்டிக்கும் அதில் உண்டு. உங்கள் மூன்று லென்ஸோடு நிதானமாக எடுப்பதற்கு இசட்எஃப் வாங்கலாம். கடைக்குப் போகும்போது 105-ஐக் கொண்டுபோங்கள். எஃப்டிஇசட் போட்டு மாட்டி, பத்து நிமிடம் கையிலேயே வைத்திருங்கள். பிறகு லீவரை ஏ-யில் தள்ளி ஷட்டர் டயலைச் சுற்றிப் பாருங்கள். எதுவும் மாறாது. அது எரிச்சலாக இருந்தால் பக்கத்து அலமாரியில் எக்ஸ்-டி5 இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் சென்சார் சிறியது என்பதால் அதில் உங்கள் 50 மிமீ, ஃபுல் ஃபிரேமில் 75 மிமீ காட்டும் கோணத்தைக் காட்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.