பெயர் தெரியாத பழைய தொட்டிச்செடிகள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பாட்டி வைத்த செடி இது, 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர் யாருக்கும் தெரியவில்லை. அடித்தண்டு மரம் மாதிரி இருக்கிறது, இலை தடிமனாக, வழவழவென்று. தங்கைக்கு ஒரு கிளை ஒடித்துத் தரலாமா?

பதில்: ஜேட் செடி என்றுதான் நினைக்கிறேன். தாவரவியல் பெயர் கிராசுலா ஒவாட்டா, சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா பக்கம். ஆனால் போர்ச்சுலகேரியா ஆஃப்ரா என்று ஒன்று உண்டு. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஓர் இளங்கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் ஒல்லியாக இருந்து, இலையும் சுண்டுவிரல் நகம் அளவுதான் என்றால் போர்ச்சுலகேரியா. கிளையே சதைப்பற்றாக இருந்து, இலை உதிர்ந்த இடமெல்லாம் வளையம் வளையமாகக் கோடு தெரிந்து, இலையும் கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தால் ஜேட். போர்ச்சுலகேரியா இலை புளிக்கும் என்பார்கள். அதற்காக மென்று பார்த்துக் கண்டுபிடிக்கப் போகாதீர்கள்.

எதுவானாலும் கிளை வெட்டி நடும் முறை ஒன்றுதான். கத்தியைச் சுத்தமாகத் துடைத்து, 10 செ.மீ. நீளத்தில் கிளை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். உடனே நட்டுவிடாதீர்கள், பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். நிழலில் ஒரு வாரம் சும்மா கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து, ஆறிய புண்ணில் தோல் கட்டுமே, அப்படி ஆன பிறகு, மண்ணும் கரடுமணலும் சரிபாதி கலந்து ஊன்றுங்கள். அப்புறமும் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். இலை சுருங்கும், பயப்பட வேண்டாம், சேர்த்து வைத்த நீரைத்தான் செலவழிக்கிறது. சில வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பார்த்தால் கையோடு வராமல் பிடித்துக்கொள்ளும். ஒன்றுக்கு மூன்றாக வையுங்கள். பாட்டி செடி, ரிஸ்க் எடுக்க வேண்டாம்.

கேள்வி: கற்றாழை மடலை ஒடித்து நட்டேன் மேடம், மூன்று முறையும் அழுகிவிட்டது.

பதில்: முப்பது முறை நட்டாலும் அழுகத்தான் செய்யும். கற்றாழைக்கு மடலில் இருந்து செடி வராது. பக்கத்தில் முளைக்கும் குட்டியை வேரோடு பிரித்து நடுங்கள்.

கேள்வி: ஸ்நேக் பிளான்ட், மஞ்சள் ஓரம் போட்டது. இலையைத் துண்டாக்கி வைத்தேன், குட்டி வந்தது, ஆனால் மஞ்சளே இல்லை. மண்ணில் குறையா?

பதில்: மண்ணைத் திட்டாதீர்கள். அந்த இலையில் இரண்டு விதத் திசுக்கள் அடுக்காக இருக்கின்றன. இலைத்துண்டில் இருந்து குட்டி கிளம்பும்போது அந்த அடுக்கு கலைந்து வெறும் பச்சையாக வந்துவிடும். மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் தொட்டியைக் கவிழ்த்து, கிழங்கோடு பிரித்து நடுவதுதான் வழி.

கேள்வி: முள் இருந்தால் எல்லாம் கேக்டஸ்தானே? வீட்டில் ஒன்று ஆள் உயரம் நிற்கிறது.

பதில்: இல்லை. முள் கிளம்பும் இடத்தை உற்றுப் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு சின்ன மெத்தை இருந்து, அதிலிருந்து முள் வந்தால் கேக்டஸ். அந்த மெத்தை இல்லாமல், கீறினால் பாலும் வடிந்தால் பெரும்பாலும் யூஃபோர்பியா, நம் சதுரக்கள்ளியின் சொந்தம். வெட்டும்போது கையுறை போடுங்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள். வெட்டிய துண்டைத் தண்ணீரில் அலசிப் பால் நின்றதும் காயவிடலாம்.

கேள்வி: பழைய ஜேட் அடித்தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

பதில்: அடி போய்விட்டது, நுனி பிழைக்கலாம். மேலே கெட்டியாக இருக்கும் இடத்தில் வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள். நடுவில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள், முழுக்கப் பச்சையாகத் தெரியும்வரை. பிறகு முதல் கேள்விக்குச் சொன்னதுதான்.